பஸரை எப்போது அழுத்துவது? வினாடி வினா கேள்வி – பதில்

பிரிட்டனின் ‘யூனிவர்சிட்டி சேலஞ்ச்’ தொலைக்காட்சிப் போட்டி பற்றியும், அதே பாணியில் கல்லூரியில் போட்டி நடத்துவது பற்றியும் வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த மாதப் பதில்கள்.

கே: மகன் லீட்ஸில் முதுகலை படிக்கிறான். அவன் சொல்லி யூனிவர்சிட்டி சேலஞ்ச் பார்த்தோம். சரியான விடைக்குச் சில நேரம் 10, சில நேரம் 5. தவறாகச் சொன்ன ஒருவருக்கு 5 போனது, இன்னொருவருக்கு எதுவும் போகவில்லை. இது என்ன கணக்கு? – வாசகர், தஞ்சாவூர்

அணிக்கு நான்கு பேர், இரண்டு அணிகள். முதலில் வருவது ஸ்டார்ட்டர் கேள்வி. அதற்கு 10 புள்ளி. பஸரை அழுத்தியவரே தனியாகச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவரிடம் வாய் திறக்கக் கூடாது. அதில் வென்ற அணிக்கு மட்டும் மூன்று போனஸ் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 5. போனஸில் நால்வரும் கலந்து பேசலாம், விடையைக் கேப்டன் சொல்வார். ஆக, ஒரு ஸ்டார்ட்டரைப் பிடித்தால் அதிகபட்சம் 25.

நீங்கள் பார்த்த 5 புள்ளி அபராதம், கேள்வி முடியும் முன்பே குறுக்கிட்டுத் தவறாகச் சொன்னவருக்கு மட்டும்தான். முழுக் கேள்வியும் வாசிக்கப்பட்ட பிறகு தவறாகச் சொன்னால் கழிவு இல்லை, கேள்வி எதிரணிக்குப் போகும், அவ்வளவுதான். குறுக்கிட்டுத் தவறினால் 5 போவதோடு, எதிரணிக்குக் கேள்வியை முழுதாக வாசித்தும் காட்டுவார்கள். வலி அங்கேதான்.

படத்துக்கும் இசைக்கும் தனி ஸ்டார்ட்டர்கள் உண்டு. பட ஸ்டார்ட்டரை யாரும் சொல்லவில்லையென்றால் அதற்கான பட போனஸ்கள் வீணாகாது. அடுத்துவரும் ஸ்டார்ட்டரை யார் பிடிக்கிறார்களோ அவர்களுக்குக் கிடைக்கும்.

கே: எங்கள் அணியில் ஒருவர் படபடவென்று அழுத்திப் பாதிக்கு மேல் தவறவிடுகிறார். இன்னொருவருக்கு எல்லாம் தெரியும், ஆனால் கேள்வி முடியும்வரை கை நகராது. இருவரில் யாரைத் திருத்துவது? – பொறியியல் மாணவர், கோவை

இரண்டாமவரை. முதலாமவருக்குக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுத்தால் போதும்.

முதலில் கணக்கு. ஸ்டார்ட்டருக்கு 10. மூன்று போனஸில் பாதி சரியாகும் என்று வைத்தால் இன்னொரு 7.5. ஆக, ஒரு ஸ்டார்ட்டரின் மதிப்பு 17.5. குறுக்கிட்டுத் தவறினால் உங்களுக்கு 5 போகும். முழுக் கேள்வியையும் நிதானமாகக் கேட்கும் எதிரணி பத்துக்கு ஆறு முறை சரியாகச் சொல்லும் என்று கொண்டால், அவர்கள் கைக்கு 10.5. இரண்டும் சேர்த்து இழப்பு 15.5. வரவையும் இழப்பையும் எதிரெதிரே வைத்தால், விடை சரியாக இருக்க 47 சதவீதம் வாய்ப்பு இருக்கும் இடத்தில் கணக்கு நேர் ஆகிறது. 60 சதவீத நம்பிக்கையில் அழுத்தினால் சராசரியாக நான்கு புள்ளிக்குச் சற்று மேல் லாபம், 40 சதவீதத்தில் இரண்டு புள்ளிக்கு மேல் நட்டம். பாதிக்குப் பாதியை விடக் கொஞ்சம் கூடுதலாகத் தோன்றினாலே அழுத்திவிடலாம் என்பதுதான் இதன் பொருள். ‘நூறு சதவீதம் தெரிந்தால்தான்’ என்று காத்திருப்பவர், எதிரணியில் இருக்கும் 70 சதவீதக்காரரிடம் ஒவ்வொரு கேள்வியாகத் தோற்றுக்கொண்டிருப்பார்.

எதிரணி பலவீனமானது என்றால் அவசரமே தேவையில்லை. முழுக் கேள்வியும் உங்களுக்குத்தான் வரப்போகிறது. கடைசி இரண்டு நிமிடத்தில் 40 புள்ளி பின்தங்கியிருந்தால் 30 சதவீதத்துக்கும் அழுத்தலாம், காத்திருப்பதில் லாபம் ஏதுமில்லை. 40 முன்னிலையில் இருந்தால் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கேள்வியைக் கேட்கும் விதம். நல்ல ஸ்டார்ட்டர் கடினமான தடயத்தில் தொடங்கி எளிதில் முடியும். அதை எழுதுகிறவர் நடுவில் ஒரு திருப்பமும் வைப்பார். ஒரு மாதிரி:

“1930-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவரின் அண்ணன் மகன், லாகூரில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு இவர் வகுத்த உச்ச வரம்பு சூரிய நிறையைப்போல ஏறத்தாழ 1.4 மடங்கு, 1983-இல் தாமும் நோபல் பெற்ற இவர் யார்?”

விடை எஸ். சந்திரசேகர். உங்கள் படபட நண்பர் ‘1930... இயற்பியல்... நோபல்’ என்றதும் அழுத்திவிட்டு ‘சி.வி. ராமன்’ என்பார். ஐந்து போச்சு. இங்கே எந்தத் தேர்ந்த ஆட்டக்காரரும் செய்வது ஒன்றுதான்: முதல் தடயம் இவ்வளவு எளிதாக இருந்தால் அது விடை அல்ல, விடைக்குப் போகும் படி. இன்னும் இரண்டு சொல் காத்திருந்தால் ‘அண்ணன் மகன்’ வந்துவிடும், அழுத்த வேண்டிய இடம் அது. அதைத் தவறவிட்டவர் ‘லாகூர்’ என்ற இடத்தில் பிடிக்கலாம். இயற்பியல் மாணவருக்கு ‘வெண்குறு’ என்ற பாதிச் சொல் போதும்.

இதே கேள்வியைச் சற்று மாற்றி, “இவர் பெயரில் 1999-இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட தொலைநோக்கி எந்த வகைக் கதிர்களை ஆராய்கிறது?” என்றும் முடிக்கலாம். அப்போது விடை எக்ஸ் கதிர். ‘அண்ணன் மகன்’ என்ற இடத்தில் அழுத்தியவரும் மாட்டிக்கொள்வார். ஆளைக் கேட்கிறார்களா, ஆண்டையா, ஊரையா என்பது தெரியாத நிலையில் அழுத்துவது வேறு வகை அபாயம். ‘இவர்’, ‘இந்த நகரம்’, ‘இந்தத் தனிமம்’ என்று சுட்டும் சொல் வந்துவிட்டால் அந்த அபாயம் பெருமளவு குறையும்.

இன்னொரு சிறு உதவியும் உண்டு. பஸர் அடித்ததும் அறிவிப்பாளர் பல்கலைக்கழகத்தின் பெயரையும் போட்டியாளரின் பெயரையும் சொல்வார். அதற்கு ஒரு நொடி ஆகும். விடை நாக்கு நுனியில் இருந்தால் அந்த நொடி போதும். ‘எனக்கு இது தெரியும்’ என்று தோன்றிய கணத்திலேயே அழுத்துகிறவர்கள் அந்த நொடியை நம்பித்தான் அழுத்துகிறார்கள். விடை முழு வடிவில் மனதில் வந்த பிறகு அழுத்துகிறவர் எப்போதும் இரண்டாவதாகத்தான் இருப்பார்.

பயிற்சி எளிது. ஒருவர் கேள்வியை வாசிக்கட்டும். அழுத்தியதும் எந்தச் சொல்லில் நிறுத்தினார் என்று தாளில் கோடு போடுங்கள். பிறகு முழுதாக வாசித்து, எந்தச் சொல்லில் அழுத்தியிருக்க வேண்டும் என்று வேறு நிறத்தில் இன்னொரு கோடு. ஐம்பது கேள்விக்குப் பிறகு இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். யாருடைய கோடு எப்போதும் முன்னால், யாருடையது எப்போதும் பின்னால் என்று கண்ணுக்கே தெரியும்.

கே: போனஸில் நாங்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். கேப்டன் குழம்பித் தவறான விடையைச் சொல்லிவிடுகிறார். – மாணவி, திருநெல்வேலி

விடையோடு நம்பிக்கையையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் வேண்டும். ‘உறுதி’, ‘இருக்கலாம்’, ‘ஊகம்’ – இந்த மூன்று சொல் போதும். ‘உறுதி’ என்று ஒருவர் சொன்னால் மற்ற மூவரும் வாயை மூட வேண்டும். யாருமே பேசாவிட்டால் கேப்டன் ஏதாவது ஓர் ஊகத்தைச் சொல்லியாக வேண்டும், போனஸில் தவறுக்கு அபராதம் இல்லை. உச்சரிப்பு சிக்கலான விடை என்றால் கேப்டன் தம் அணியினர் ஒருவரை நியமித்து அவரையே சொல்லச் செய்யலாம், விதியில் இடம் உண்டு.

மூன்று போனஸும் ஒரே தலைப்பில் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். முதல் விடை ‘தாமிரம்’ என்றால் அடுத்த இரண்டும் தாமிரமாக இருக்கப்போவதில்லை. முதல் இரண்டும் ஆறுகள் என்றால் மூன்றாவதும் ஆறுதான்.

கே: அணிக்கு நால்வரை எப்படித் தேர்ந்தெடுப்பது? பொதுத் தேர்வு வைத்து முதல் நான்கு பேரை எடுத்தால் போதாதா? – வினாடி வினா மன்றச் செயலாளர், மதுரை

போதாது. முதல் நால்வரும் ஒரே துறைக்காரர்களாக இருந்தால் ஒரே கேள்விக்கு நான்கு கை தூக்கும், அடுத்த கேள்விக்கு ஒரு கையும் எழாது.

50 கேள்வித் தாள் வையுங்கள். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், ஒவ்வொருவரும் எந்தெந்தக் கேள்வியைச் சரியாகச் செய்தார் என்று ஓர் அட்டவணை போடுங்கள். ஆளுக்கு 30 வாங்கிய நால்வர் சேர்ந்து 34 கேள்விகளைத்தான் தொட்டிருக்கக் கூடும். 30, 27, 24, 21 வாங்கிய வேறு நால்வர் சேர்ந்து 43 தொட்டிருக்கலாம். இரண்டாவது நால்வரே அணி. பொதுவாக அறிவியலுக்கு ஒருவர், வரலாறு – புவியியல் – அரசியலுக்கு ஒருவர், இலக்கியம் – ஓவியம் – மேற்கத்திய இசைக்கு ஒருவர், சினிமா – விளையாட்டு – நடப்புக்கு ஒருவர் என்று அமையும். ஆனால் நால்வரில் குறைந்தது இருவர் பஸர் பயம் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். தாளில் 45 வாங்கி, பஸர் முன் கல்லாகிவிடுகிறவர்கள் நிறையவே உண்டு. தேர்வின் இரண்டாவது கட்டம் பஸரோடுதான் நடக்க வேண்டும். ஐந்தாவதாக ஒரு மாற்று ஆட்டக்காரரையும் எடுத்துவையுங்கள், பிரிட்டனிலும் அப்படித்தான்.

கே: அயல்நாட்டு மாணவர்கள் யூனிவர்சிட்டி சேலஞ்சில் பங்குபெறலாமா? வயது வரம்பு உண்டா? – வாசகி, யாழ்ப்பாணம்

பங்குபெறலாம். எந்த நாட்டவர் என்பது கேள்வி அல்ல, அந்த நிறுவனத்தில் பதிவுபெற்ற மாணவராக இருக்க வேண்டும். இளங்கலையும் சரி, முனைவர் பட்டமும் சரி. வயது தடை இல்லை. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் மூத்தவர்கள் நிறைந்த ஓப்பன் யூனிவர்சிட்டி 1984-இலும் 1999-இலும் வென்றிருக்கிறது. இருபது வயதுப் பிள்ளைகளுக்கு எதிரே நாற்பது வயது நினைவாற்றல் உட்காருவது நியாயமா என்ற முணுமுணுப்பும் கூடவே வந்தது. விதிப்படி நியாயம்தான்.

ஒன்றில் மட்டும் கவனம். முன்பெல்லாம் போட்டியின் படப்பிடிப்பு ஒரே கல்வியாண்டுக்குள் முடிந்ததில்லை. தொடக்கச் சுற்றில் மாணவராக இருந்தவர் இறுதிச் சுற்றின்போது படிப்பை முடித்திருக்கக் கூடும். 2009-இல் இதுதான் நடந்தது. இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டரை வென்ற ஆக்ஸ்ஃபோர்டின் கார்பஸ் கிறிஸ்டி கல்லூரி, அணியில் ஒருவர் அதற்குள் மாணவராக இல்லை என்பது தெரியவந்ததால் தகுதி இழந்தது. கோப்பை மான்செஸ்டருக்குப் போனது. அணியில் சேருமுன் உங்கள் படிப்பு எந்த மாதம் முடிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் தனியாள் அனுப்புவதல்ல, நிறுவனத்தின் பெயரில் அணியாகப் போக வேண்டும். பெரும்பாலும் மாணவர் சங்கமோ வினாடி வினா மன்றமோ தேர்வு நடத்தும். அதற்குப் பிறகு தயாரிப்புக் குழு நேரில் பார்த்துப் பொது அறிவுத் தேர்வும் வைக்கும். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரங்களிலேயே மன்றத்தைத் தேடிப் போவது நல்லது.

கே: ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் தனித்தனி அணி அனுப்புகின்றனவே, இது சலுகை இல்லையா? – வாசகர், சிங்கப்பூர்

அரை நூற்றாண்டாக ஓயாத சண்டை அது. 1975-இல் மான்செஸ்டர் அணி இதைக் கண்டித்து, எந்தக் கேள்வி வந்தாலும் ட்ராட்ஸ்கி, லெனின், கார்ல் மார்க்ஸ், சே குவேரா என்றே மாறி மாறி விடை சொன்னது. விதி மாறவில்லை. ஆனால் அதே மான்செஸ்டர் பின்னாளில் நான்கு முறை வென்றது. ஐந்து முறை வென்ற முதல் நிறுவனம் லண்டன் இம்பீரியல் கல்லூரி, 1996, 2001, 2020, 2022, 2024 என்று. ஒரே வளாகமாக இருந்து ஆயிரக்கணக்கானவர்களில் நால்வரைப் பொறுக்கும் வசதி, சில நூறு பேர் மட்டும் உள்ள கல்லூரிக்கு இல்லை. சலுகை என்ற வாதம் கேட்கும் அளவுக்கு வலுவானதல்ல.

கே: ஓர் அணியின் தலைக்கு மேல் மற்ற அணி உட்கார்ந்திருக்கிறதே, மாடிப்படி போட்டிருக்கிறார்களா? – பள்ளி மாணவன், ஈரோடு

இல்லை தம்பி. இரண்டு மேசையும் ஒரே தளத்தில், பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. திரையை இரண்டாகப் பிரித்து மேலும் கீழுமாகக் காட்டுகிறார்கள்.

கே: ஒருமுறை தோற்றால் வெளியேவா? – வாசகர், சேலம்

முதல் சுற்றில் 28 அணிகள், 14 ஆட்டங்கள். தோற்றவர்களில் அதிகப் புள்ளி எடுத்த நான்கு அணிகளுக்கு மறு வாய்ப்பு, அவர்களில் இரண்டு தேறி, இரண்டாம் சுற்றில் 16 அணி. அடுத்து எட்டு. காலிறுதியில் அரையிறுதிக்குப் போக இரண்டு ஆட்டம் வெல்ல வேண்டும், இரண்டு தோற்றால் வெளியே. அதனால் அங்கே மட்டும் பத்து ஆட்டங்கள். எல்லாம் சேர்த்து 37. தோற்கும்போதும் புள்ளி சேர்ப்பது ஏன் முக்கியம் என்று இப்போது புரியும்: முதல் சுற்றில் 150-க்கும் 145-க்கும் உள்ள வித்தியாசம் வீட்டுக்குப் போவதா, திரும்பி வருவதா என்பதாக இருக்கலாம்.

கே: எட்டுப் பேருக்கான பஸர் பெட்டி வாங்க மன்றத்தில் பணம் இல்லை. நாங்களே செய்ய முடியுமா? சென்ற ஆண்டு சீனியர்கள் செய்தது யாரும் தொடாமலே ஒலிக்கிறது. – மின்னணுவியல் மாணவர்கள், திருச்சி

முடியும். ஆர்டுயினோ ஊனோ பலகை (நாமே புரோகிராம் எழுதி இயக்கும் சிறிய மின்னணுப் பலகை) ஒன்று போதும். அதில் 2 முதல் 13 வரை பன்னிரண்டு டிஜிட்டல் பின்கள், ஏ0 முதல் ஏ5 வரை ஆறு அனலாக் பின்கள். அனலாக் பின்களையும் டிஜிட்டலாகப் பயன்படுத்தலாம் என்பதால் மொத்தம் 18. உங்களுக்கு வேண்டியதும் மிகச் சரியாக 18 தான்: எட்டு பட்டன் (2–9), எட்டு எல்இடி (10–13, ஏ0–ஏ3), ரீசெட் பட்டன் (ஏ4), ஒலிப்பான் (ஏ5). 0, 1 பின்களைத் தொடாதீர்கள், கணினியோடு பேச அவை வேண்டும். ஒவ்வோர் எல்இடிக்கும் 220 ஓம் மின்தடை. ஒரே நேரத்தில் ஒன்றுதான் எரியும் என்பதால் மின்னோட்டம் பிரச்சினை இல்லை.

பட்டனின் ஒரு கால் பின்னுக்கு, மறு கால் கிரவுண்டுக்கு. அழுத்தினால் பின் ‘லோ’ ஆகும். தானாக ஒலிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான். சீனியர்கள் பலகையின் உள்ளே இருக்கும் புல்-அப் மின்தடையை (பட்டனை அழுத்தாதபோது பின்னை ‘ஹை’ நிலையில் பிடித்துவைப்பது) மட்டும் நம்பியிருப்பார்கள். அது 20 முதல் 50 கிலோ ஓம், மேசை மேல் சோதிக்கும்போது போதும். மூன்று, நான்கு மீட்டர் வயர் இழுத்து, பக்கத்தில் டியூப் லைட்டோ மைக் ஆம்ப்ளிஃபையரோ இருந்தால் அந்த வயர் ஆண்டெனா ஆகிவிடும். ஒவ்வொரு பட்டன் பின்னுக்கும் 5 வோல்ட்டிலிருந்து 1 கிலோ ஓம் வெளி மின்தடை, பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். சத்தம் அடங்கிவிடும்.

வயருக்கு லேன் கேபிள் வாங்குங்கள். உள்ளே நான்கு முறுக்கு ஜோடிகள், ஓர் அணியில் நான்கு பேர். அணிக்கு ஒரு கேபிள், ஆளுக்கு ஒரு ஜோடி. ஜோடியில் ஒன்று சிக்னல், மற்றது கிரவுண்ட். நால்வருக்கும் சேர்த்து ஒரே கிரவுண்ட் கொடுத்து மிச்சம் பிடிக்க வேண்டாம். எல்இடிகள் வினாடி வினா நடத்துபவர் முன்னால் இருக்கும் பெட்டியிலேயே இருக்கட்டும்.

புரோகிராமில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். பட்டன்களைச் சோதிக்கும் லூப்புக்குள் டிலேயோ எல்சிடி திரையில் எழுதுவதோ இருந்தால், அந்த மில்லிவிநாடிகளில் யார் முந்தினார் என்பது தொலைந்துவிடும், வரிசையில் முதலில் இருக்கும் பட்டன் ஜெயித்துக்கொண்டே இருக்கும். சோதனை லூப்பில் சோதனை மட்டும் இருக்கட்டும். எட்டுப் பின்களையும் படிக்க நூறு மைக்ரோவிநாடி கூட ஆகாது, எந்த விரலும் அந்த வேகத்தில் முந்துவதில்லை. இரண்டாவது: ரீசெட் செய்யும்போது ஒருவர் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் அடுத்த கேள்வி தொடங்குமுன்பே அவர் பெயர் விழுந்துவிடும். எட்டு பட்டனும் விடப்பட்டிருக்கின்றன என்று உறுதி செய்த பிறகே புதிய சுற்றைத் திறக்க வேண்டும். தந்திரக்கார மாணவர்கள் இதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கே: எதைப் படிப்பது? பொது அறிவு என்றால் கடல். – மாணவி, சென்னை

கடல்தான், ஆனால் மீன்பிடிக்கும் இடங்கள் சில. தனிம அட்டவணை (பெயர்க் காரணம், குறியீடு, அணு எண்), எஸ்ஐ அலகுகளும் அவற்றுக்குப் பெயர் தந்தவர்களும், இங்கிலாந்து அரசர் வரிசை, ஷேக்ஸ்பியரின் நாடகப் பாத்திரங்கள், கிரேக்கக் கடவுளரின் ரோமானியப் பெயர்கள், தலைநகரங்கள், அவற்றின் ஆறுகள், நோபல் பட்டியல், இருபது ஓவியர்கள், இருபது இசைமேதைகள். இவை திரும்பத் திரும்ப வரும். பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள். கேள்வி எதிர்த்திசையில் வரும்: ‘டங்ஸ்டனின் குறியீடு என்ன?’ என்று கேட்க மாட்டார்கள், ‘டபிள்யூ என்ற குறியீடு கொண்ட, எல்லா உலோகங்களிலும் மிக உயர்ந்த உருகுநிலை உள்ள...’ என்றுதான் தொடங்குவார்கள். ஆன்க்கி போன்ற நினைவு அட்டைச் செயலியில் அட்டை போடும்போது தடயத்தை முன்பக்கமும் விடையைப் பின்பக்கமும் எழுதுங்கள். ஒரு விடைக்கு மூன்று தடய அட்டைகள். தவறவிட்ட ஒவ்வொரு கேள்வியும் அன்றே அட்டையாக வேண்டும்.

இந்தியப் பாணிக் கேள்விகளில் தேர்ந்தவர்கள் இங்கே தடுமாறுவது இதனால்தான். நம் போட்டிகளில் கதைபோல நீண்ட கேள்வி, யோசித்து விடையை வந்தடையலாம், ஊகத்துக்கு மதிப்பு உண்டு. பஸர் ஆட்டத்தில் யோசிக்கும் வேலை போனஸில் மட்டும். ஸ்டார்ட்டரில் நினைவும் காதும்தான்.

கே: எங்கள் கல்லூரிப் போட்டிக்கு பஸர் முறை நல்லதா, கேள்வி அணி அணியாகப் பாஸ் ஆகும் முறை நல்லதா? – ஒருங்கிணைப்பாளர், வேலூர்

இரண்டு அணி மோதினால் பஸர். ஆறு, எட்டு அணிகள் மேடையில் இருந்தால் பாஸ் ஆகும் முறை. எட்டு அணிக்கு பஸர் வைத்தால் வேகமான ஒரே அணி எல்லாவற்றையும் அள்ளும், மற்ற ஏழும் வேடிக்கை பார்க்கும். பாஸ் முறையிலும் முந்திக்கொள்ள விரும்பும் அணி, தன் முறை வருமுன் விடையைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம் என்று வையுங்கள்: சரியென்றால் 10, தவறென்றால் 5 கழிவு. எழுதிக் கொடுக்க 20 விநாடி. தாள்களைச் சேகரிக்க அணிக்கு ஒரு தன்னார்வலர் வேண்டும், ஒருவரே எட்டு மேசைக்கும் ஓடினால் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நிமிடம் கூடுதலாகும், 40 கேள்விக்கு நாற்பது நிமிடம். அரங்கை மூன்று மணி நேரத்துக்குத்தான் கொடுத்திருப்பார்கள்.